ஏழோடு நின்ற நாள்

ஜூன் 12, வியாழன். ஆறுக்கு எழுந்தேன். ஏழரைக்கு அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, ஒன்பதுக்கு அலுவலகம் போனேன். மாலை தொம்மலூர் வீட்டுக்குத் திரும்பியபோது, மாடிவீட்டுச் சிறுமிக்கு அப்பா விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நவுன், ப்ரோநவுன், வெர்ப்..." எட்டாவது விரலுக்கு "பங்ச்சுவேஷன்" என்றார்.

முன்பு அந்தப் பட்டியலை ஒப்பித்தவள் நான்; எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா சிவாஜிநகர் துணிக்கடையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை நிறுத்தி, ஆங்கில இலக்கணத்தின் எட்டுச் சொல்வகைகளையும் ஒப்பிக்கச் சொல்வார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எட்டு என்பது மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிறு கடை முதலாளி வந்திருந்தார். எங்கள் ஒற்றை அறை முழுக்க அவருடைய அத்தர் வாசனை. நான் ஏழோடு நின்றுவிட்டேன். அப்பாவின் எட்டாவது விரல் மடங்காமல் காத்திருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். அது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

"பாத்தீங்களா சாப், எம் பொண்ணு!" என்றார் அப்பா முதலாளியிடம்.

மறுநாளே கடையில் எல்லோரிடமும் எட்டையும் ஒப்பித்துவிட்டு வந்தார். அதன்பின் எப்படித் திருத்துவது? நாற்பது ஆண்டுகளாகத் திருத்தவில்லை.

"தாத்தா, எட்டாவது இன்டர்ஜெக்ஷன். மிஸ் சொன்னாங்க," என்றாள் மாடிவீட்டுச் சிறுமி.

"உங்க மிஸ்ஸு கெடக்கட்டும். எம் பொண்ணு சொன்னதும்மா இது."

"ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. நாளைக்கு டெஸ்ட்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "பால் வெச்சிருக்கேன்," என்று சமையலறைக்குள் போய், காலியான அடுப்பின் முன் நின்றேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக மாடியேறிக் கதவைத் தட்டினேன். "நீ சொன்னதுதான் சரி. தாத்தாகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா," என்றேன்.