துணி கட்டிய செடிகள்

பழைய துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் 'சர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப்போடும். முதன்முதலில் அதைக் கேட்டபோது எனக்குப் பத்து வயதிருக்கும். அம்மா கிழித்துக்கொண்டிருந்தது அப்பாவின் நீல நிற மில் சட்டையை. மில்லை மூடிய பிறகும் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருந்த சட்டையை விரல் அகல நாடாக்களாக அவள் கிழிப்பதைப் பார்த்து, வீட்டில் ஏதோ பெரிய சண்டை என்று பயந்து அழுதேவிட்டேன். அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "மில்லே போயிடுச்சி, சட்டய வெச்சிக்கினு என்னா பண்ணப் போறேன்? கிழிக்கட்டும் வுடு" என்றார்.

அந்த நாடாக்கள் செடிக்கு. மில் மூடியதும் முதலியார்பேட்டையில் எங்கள் தெரு ஆண்கள் சேதராப்பட்டு கம்பெனிகளில் வேலை தேடிப் போக, அம்மாவும் பக்கத்து வீட்டு மல்லிகா பெரியம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் காலை பஸ்ஸில் ஊருக்கு மேற்கே இருந்த ஏரிக்கரைக்குப் போய், நிலவேம்பு பறித்து நாட்டு மருந்துக் கடைக்குப் போட ஆரம்பித்தார்கள். ஏரியை ஒட்டிய கிராமத்துக்காரர்கள் முதலில் விரட்டத்தான் செய்தார்கள். பிறகு பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: பறிக்கலாம், ஆனால் புதருக்குப் புதர் வாட்டசாட்டமான செடி ஒன்றை விதைக்கு விட்டுவிட வேண்டும், அது காய் வெடித்து விதை சிந்துகிறவரை யாரும் தொடக்கூடாது. அப்படி விட்டதற்கு அடையாளம்தான் துணி. வீட்டுக்கு ஒரு நிறம். எங்களுடையது நீலம், மல்லிகா பெரியம்மாவுடையது சிவப்பு.

வெளியூரிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வந்து வேரோடு வாரிப்போகிறவர்களும் உண்டு. அவர்கள் இந்தத் துணிகளை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துப் பயந்து ஒதுங்கிப் போனார்கள். "நெனச்சா நெனச்சிக்கட்டும், செடி தப்பிச்சா போதும்" என்று மல்லிகா பெரியம்மா சிரிப்பாள். காவல் இல்லை, வேலி இல்லை, ஒரு கந்தல் துணி அந்தக் கரையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நான் எட்டாவது படித்த வருஷம் ஊரெல்லாம் காய்ச்சல். கை கால் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும் காய்ச்சல். எந்தத் தெருவுக்குப் போனாலும் நிலவேம்புக் கஷாயம். கடைக்காரர் எவ்வளவு கொடுத்தாலும் போதாது என்றார். "இந்த ஒரு தடவ, துணி கட்டினதையும் புடுங்கினாதான் என்னா?" என்று மல்லிகா பெரியம்மா ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள். அவள் மகனும் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தான். மற்றவர்கள் கூடாது என்றதும் அவளும் விட்டுவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சை யாரும் மறக்கவில்லை.

அந்த வாரம்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் 'தூய்மை முகாம்' என்று எங்களை பஸ்ஸில் ஏற்றினார்கள். இறங்கிய இடம் அதே ஏரிக்கரை. பிளாஸ்டிக் கவர், பாட்டில் எல்லாம் பொறுக்கி முடித்ததும் டீச்சரின் கண் செடிகள்மேல் போனது. "இந்தக் கந்தலையெல்லாம் யாரு கட்டினது? அசிங்கமா இருக்கு. ஒண்ணு விடாம அவுத்துப் பையில போடுங்க" என்றார். "பேய் ஓட்டிக் கட்டியிருப்பாங்கடி" என்று என் பக்கத்தில் இருந்தவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். 'டீச்சர், அது எங்கம்மா கட்டினது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் என் அம்மா வீட்டில் தையல் தைக்கிறாள் என்றல்லவா வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்! நான்தான் முதலில் குனிந்து அவிழ்த்தேன். அம்மா போடும் முடிச்சு எனக்குத் தெரியும் என்பதால் மளமளவென்று அவிழ்த்தேன். டீச்சர் "வெரி குட்" என்றார். நீலத்துணி ஒன்றை மட்டும் குப்பையில் போட மனம் வராமல் புத்தகப் பையில் திணித்துக்கொண்டேன். முகாமுக்கு எங்கே போனோம் என்று வீட்டில் சொல்லவே இல்லை.

மூன்றாம் நாள் அம்மா காலிச் சாக்கோடு திரும்பி வந்தாள். வெளியூர் வண்டி வந்து போயிருந்தது. துணி இல்லை, வேண்டுதல் பயமும் இல்லை. கரை முழுக்கக் குழி குழியாகக் கிடந்ததாம். "ஒரு செடி இல்லடி, ஒரு செடி இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். துணியை அவிழ்த்தது யார் என்ற கேள்வி வந்ததும் எல்லார் பார்வையும் மல்லிகா பெரியம்மாமேல் போனது. மறுநாள் சாயங்காலம் தெருவே கூடிவிட்டது. அவள் உள்ளே போய் கற்பூரம் எடுத்துவந்து வாசலில் கொளுத்தினாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "எம் புள்ள மேல சத்தியமா நான் அவுக்கல" என்றாள். கை கருகிய வாசனை நான் நின்ற இடம்வரை வந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியத்தையும் யாரும் நம்பவில்லை. அதோடு ஐந்து வீட்டுக் கூட்டு கலைந்தது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டில் இருந்தும் அம்மாவும் அவளும் பேசிக்கொள்ளவில்லை.

போன வருஷம் அந்தக் கிராமத்துச் சமுதாயக் கூடத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏரிக்கரையில் மூலிகைகளைத் திரும்ப வளர்க்கப் போகிறார்களாம். பறித்துப் பழகியவர்களையே வைத்து ஒரு குழு அமைக்கிறார்களாம். "விதைக்கு விடற செடிக்கெல்லாம் ஒரு அடையாளம் கட்டணும்" என்று சொல்லி, ஓர் இளம்பெண் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டைகளைத் தூக்கிக் காட்டினாள். "இப்படி முன்னாடி யாராவது செஞ்சிருக்கீங்களா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த மல்லிகா பெரியம்மா தன் வலது உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முகாம், முடிச்சு, தையல் பொய் எல்லாம்.

பெரியம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அம்மாவைப் பார்த்து, "உனுக்குத் தெரியுமா ராணி?" என்றாள்.

'தெரியாது' என்று அம்மா பதறிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். "தெரியும்க்கா" என்றாள் அம்மா. "நீ கற்பூரம் அணச்ச அன்னிக்குக் காலையிலயே இவ பையில துணியப் பாத்துட்டேன். சொன்னா பொட்டப் புள்ளய தெருவே பேசும்னு..."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் நான் ஒருத்திதான் அதைச் சுமப்பதாக நினைத்திருந்தேனே! பெரியம்மா தன் வலது உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "செடிய திரும்ப நட்டுக்கலாம் ராணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

இப்போது ஏரிக்கரையில் மஞ்சள் பட்டை கட்டிய நிலவேம்பு முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. நான் எழுதிவைக்கும் குழுப் பட்டியலில் மல்லிகா பெரியம்மாவின் பெயருக்கு எதிரே கையெழுத்து இடம் காலியாக இருக்கிறது. வாராவாரம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறேன். உட்கார் என்று சொல்லி டீ கொடுக்கிறாள். டம்ளரை நீட்டும்போது அந்த உள்ளங்கை தெரிகிறது. நான் தாளை வெளியே எடுக்காமலே திரும்பி வருகிறேன்.