கொழும்பில் ஏர்த் கொடுக்காதே

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பொலிசார் வந்தார்கள். அந்த யுத்த நாட்களில் நான் பம்பலப்பிட்டியில் ஒரு டியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அன்று பிற்பகலில்தான் வகுப்பு என்பதால் வெள்ளவத்தை வீட்டிலேயே இருந்தேன். ஒருவர் சீருடையில் வந்திருந்தார், மற்றவர் சாதாரண உடுப்பில். சாதாரண உடுப்புக்காரரின் கையிலிருந்த தாளில் என் தம்பியின் பெயர் இருந்தது.

“தம்பி எங்க?”

“கப்பல்ல, சேர். ரேடியோ ஒஃபிசர்.”

“எப்ப வாறது?”

“அடுத்த மாசமாக்கும், சேர்.”

அது பொய். அவனுடைய கப்பல் ஞாயிற்றுக்கிழமை காலை கொழும்புத் துறைமுகத்துக்கு வரவிருந்தது.

“வந்த உடனே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்க. சும்மா ஒரு விசாரணை.”

இரண்டு வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த எங்கள் பெரியம்மாவின் மகனையும் சும்மா ஒரு விசாரணைக்கென்றுதான் கூட்டிப்போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. பெரியம்மா ஏறாத வாசற்படி இல்லை.

போகும்போது அந்த மனிதர் மேசையிலிருந்த என் ரேடியோவைப் பார்த்தார். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். நிதானமாக வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

தம்பிக்கும் அந்த லைசென்ஸ் இருந்தது. கப்டனின் அனுமதியோடு தன் கபினில் ஒரு சிறிய செட்டை வைத்திருந்தான். கப்பல் எட்டும் தூரத்தில் இருக்கும் நாட்களில் பொழுதுபட ஆறரைக்கு ஏழு மெகாஹேட்ஸில் இருவரும் மோர்ஸில் கதைப்போம். இப்போதும் அப்படித்தான் அவனை எச்சரித்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தின வாரம் பெய்த மழையோடு என் அன்ரனா செத்துப்போயிருந்தது.

அந்த அன்ரனா மொட்டைமாடியில் செங்குத்தாக நிறுத்திய இருபதடி அலுமினியக் குழாய்தான். ஏழு மெகாஹேட்ஸ் அலைக்கு இருபதடி போதாது. அதனால் குழாயின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே பிவிசி குழாயில் நான் சுற்றிய கம்பிச்சுருள் ஒன்றும், பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய சுழலும் கொண்டென்சர் ஒன்றும் இருந்தன. இவை இரண்டும் ஒத்துப்போனால்தான் செட்டிலிருந்து போகும் சக்தி குழாயில் ஏறும். இல்லையென்றால் போன வழியே திரும்பி வந்து செட்டைச் சுட்டுவிடும். எங்கள் ஒழுங்கை கடலில் போய் முடிகிறது. உப்புக்காற்று பெட்டிக்குள் புகுந்து கொண்டென்சரின் தகடுகளை வெள்ளை மாவாக்கியிருந்தது.

அதைவிடக் கொடுமை, அனுப்பத்தான் முடியாதே தவிர, கேட்க முடிந்தது. புதன் மாலை ஆறரைக்கு ஹெட்போனை மாட்டினேன். தம்பி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மோர்ஸ் சாவியைத் தட்டும் அவனுடைய கையை ஆயிரம் பேருக்குள்ளும் எனக்குத் தெரியும். கூப்பிடுவான், நிறுத்துவான், காத்திருப்பான், மீண்டும் கூப்பிடுவான். இருபது நிமிடம். நான் சாவியில் கையை வைத்தபடி இருந்தேன். ஒருமுறை அழுத்தினேன். திரும்பி வரும் சக்தியைக் காட்டும் மீற்றரின் முள் கடைசிவரை ஓடியது. கையை எடுத்துவிட்டேன். வியாழனும் அப்படியே.

“கப்பல் ஏஜென்ட்டிட்டப் போய்ச் சொல்லுங்கோவன்,” என்றாள் மனைவி.

“அவங்கள் தந்தி அடிச்சால் அது எத்தினை பேற்ற கையால போகும்? பொலிஸ் தேடுது, இறங்காதை எண்டு எழுதேலுமே?”

உள்ளே அம்மா இளைய மகனுக்காகக் கணவாய்க் கறி வைக்கவேண்டுமென்று பக்கத்து வீட்டுக்காரியோடு உரத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் காதில் போட்டால் ஒழுங்கை முழுதும் அறிந்துவிடும். அதனால் பொலிஸ் வந்ததையே அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. அந்த நேரம் அவர் கோவிலில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பழைய ரேடியோக்களை வாங்கிப் பிரித்து விற்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். அரை மணி நேரம் இரும்புக் குவியலைக் கிளறி, எனக்கு வேண்டியதுபோல் ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

“தம்பி, கவனமாக் கொண்டு போங்க. இந்தக் காலத்துல இதப் பாத்தாலும் பயப்படுவானுகள்.”

அவர் சொன்னதுதான் நடந்தது. வரும் வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் என் பையிலிருந்து கொண்டென்சரை எடுத்தான். அச்சைத் திருகியதும் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதைப் பார்த்து முகம் மாறினான்.

“மே மொகத்த?” இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

“பரண ரேடியோ கெல்லக், மாத்தயா,” என்றேன். பழைய ரேடியோத் துண்டு, அவ்வளவுதான் என்று மன்றாடினேன். என்னை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் என்னை விட்டார்கள், கொண்டென்சரை விடவில்லை. அன்று மாலை மூன்றாவது முறையாகத் தம்பி கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் கை தடுமாறத் தொடங்கியிருந்தது. எங்களுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

சனிக்கிழமை பிற்பகல் மொட்டைமாடியில் அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தேன். செய்ய ஒன்றும் இல்லை. அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எங்கள் ரீவி அன்ரனாவிலிருந்து கீழே இறங்கும் கேபிள் கண்ணில் பட்டது. அந்தக் கேபிளின் நடுக்கம்பிக்கும் சுற்றியிருக்கும் வலைக்கும் இடையில் மின்சாரம் தங்கும். மறுமுனையை எதிலும் இணைக்காமல் விட்டால் அதுவே ஒரு கொண்டென்சர். பத்து அடி கிட்டத்தட்ட எனக்குப் போதும். இதைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். மூன்று நாள் அது என் மூளைக்கு எட்டவில்லை.

கேபிளைப் பதினைந்து அடிக்கு வெட்டிப் பெட்டியில் இணைத்தேன். மனைவியைச் செட்டுக்கு முன்னால் இருத்தி, நான் கத்தும்போது சாவியை அழுத்தி முள்ளைப் பார்க்கச் சொன்னேன். அவள் யன்னலால் சொல்லச் சொல்ல, நான் மேலே நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். கூட வெட்டினால் மீண்டும் ஒட்டமுடியாது. புதிதாகத் தொடங்க நேரமும் இல்லை.

“அப்பிடியே நிக்குதப்பா!”

வெட்டினேன்.

“கொஞ்சம் இறங்குது!”

மீண்டும் வெட்டினேன். ஒருமுறை அவள் சாவியை விடுமுன் நுனியைத் தொட்டுவிட்டேன். விரலில் வெள்ளையாக ஒரு பொட்டுச் சுட்டது. வலி பிறகுதான் தெரிந்தது.

“இறங்குது... இறங்குது... இஞ்சாருங்கோ, அடியில நிக்குது! இனி வெட்டாதேங்கோ!”

மணி ஆறு இருபது. படிகளில் ஓடி இறங்கினேன்.

ஆறரைக்கு அவன் கூப்பிட்டான். நான் பதில் கொடுத்தேன். பிறகு அவசர அவசரமாக வந்தது: எல்லோரும் சுகமா? சுகம் என்றேன். யாரும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அமெச்சூர்கள் கதைப்பது அன்ரனாவைப் பற்றித்தான், அதனால் அப்படியே அடித்தேன்: கொழும்பில் தரை மோசம். கொழும்பில் ஏர்த் கொடுக்காதே. அடுத்த துறைமுகத்தில் பார். ஏர்த் என்பது செட்டைத் தரையோடு இணைக்கும் கம்பி; தரையில் கால் வைக்காதே என்று அவன் விளங்கிக்கொள்ளவேண்டும்.

அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு ஏன் ஏர்த், கீழே கடல் இருக்கிறதே என்று பதில் வந்தது.

மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மோர்ஸ் தெரியாது, என் முகம் தெரியும்.

மீண்டும் மெதுவாக அடித்தேன்: கொழும்பில் ஏர்த் கொடுக்காதே. பெரியம்மா மகனின் செட்டுக்கு நடந்ததை நினை.

நீண்ட நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஒரே ஒரு எழுத்து வந்தது, கிடைத்தது என்பதற்கான ‘ஆர்’. அதற்குப் பிறகு, அம்மாவிடம் சொல் என்று தொடங்கி நிறுத்திவிட்டான்.

கப்பல் ஞாயிறு வந்தது. இரண்டு நாள் நின்றது. திங்கட்கிழமை கொட்டாஞ்சேனை மேட்டில் நின்று துறைமுகத்தைப் பார்த்தேன். பாரந்தூக்கிகளுக்கு நடுவில் அதன் புகைபோக்கி தெரிந்தது. அவன் இறங்கவில்லை. வீட்டில் கணவாய்க் கறி ஆறிக்கிடந்தது. கப்டன் லீவு குடுக்கேல்லையாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“ரெண்டு நாள் நிண்ட கப்பல்ல இருந்து ரெண்டு மணித்தியாலம் வர ஏலாதே அவனுக்கு? பெத்தவளைப் பாக்க மனமில்லை,” என்றார் அம்மா. அதன் பிறகு அவனைப் பற்றிக் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து அதே சாதாரண உடுப்புக்காரரைக் காலி வீதியில் கண்டேன். அவரே நின்று சொன்னார்: “அது வேற ஆள். பெயர் ஒண்டுதான், அப்பாட பெயர் வேற. ஆள் கிடைச்சிட்டான்.” சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்குள் தம்பி வேறு கம்பனிக் கப்பலில் ஐரோப்பாப் பக்கம் போய்விட்டான். மூன்றாம் வருடம் அம்மா இறந்தபோதும் அவனால் வரமுடியவில்லை.

இப்போது அவன் நோர்வேயில் இருக்கிறான். ஒருநாள் தொலைபேசியில் கேட்டே விட்டேன்.

“நான் சும்மா உன்னை மறிச்சிட்டனோ?”

“அண்ணை, அவங்கள் முதல்ல ஆளைப் பிடிச்சுப்போட்டுத்தான் அப்பாட பேரைப் பாத்திருப்பாங்கள்,” என்றான். பிறகு, “நான் ஏன் இறங்கேல்லை எண்டு அம்மாட்டச் சொன்னனியளோ?” என்று கேட்டான்.

“இல்லை.”

“சொல்லியிருக்கலாம்.”

பிறகு அங்கே பனி விழத் தொடங்கிவிட்டதென்று கதையை மாற்றினான்.