பாண்டியில் மூன்று பேராக நடந்த நாள்

எண்பதுகளின் கடைசியில் நான் மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்க் கல்லூரியில் படித்தேன். அப்பாவுக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான். கோட்டக்குப்பத்தில் என் தோழி ஏறுவாள். என் வகுப்புதான். அவளுக்கு ஊரெல்லாம் தோழிகள். எனக்கு அவள் ஒருத்திதான்.

பாண்டியை எனக்குக் காட்டியவள் அவள். வகுப்பு சீக்கிரம் முடிகிற நாட்களில் இரண்டு பேரும் நடப்போம். அவளுடைய சொந்தக்காரர்கள் இருந்த முல்லா வீதிப் பக்கம் தொடங்கி, சம்பா கோவில் என்கிற மாதா கோவிலைச் சுற்றிக்கொண்டு, பெரிய வாய்க்காலைத் தாண்டினால் வெள்ளைக்காரத் தெருக்கள். இந்தப் பக்கம் பிரியாணி மசாலா வாசனையும் சைக்கிள் மணியும். அந்தப் பக்கம் மஞ்சள் சுவர், அதன்மேல் வழிகிற காகிதப்பூ, ஆளரவமே இல்லாத நடைபாதை. தெருப் பெயர்ப் பலகையில் பிரெஞ்சுக்காரன் எழுதி வைத்ததை அவள் ஒரு மாதிரி மூக்கால் படிப்பாள். நான் திருப்பிச் சொல்வேன். தப்பாகச் சொன்னால் தோளில் அடிப்பாள். அந்தத் தெருக்களை எங்கள் இரண்டு பேருக்காகவே போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வருஷம் படிக்கும்போது பிரான்சிலிருந்து அவளுடைய மாமா மகள் வந்தாள். அந்த மாமா இளம் வயதில் சைகோனுக்குக் கடை வைக்கப் போனவர். அங்கே சண்டை முற்றியபோது குடும்பத்தோடு பாரிசுக்குப் போய்விட்டார். மகளுக்கு எங்களைவிட ஐந்தாறு வயது கூடுதல் இருக்கும். தன் அம்மா பிறந்த வீடு முல்லா வீதிப் பக்கம் எங்கோ இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றாள். தோழி என்னையும் கூப்பிட்டாள். சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம்.

கிளம்பிய இடத்திலேயே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நடைபாதையில் இரண்டு பேர்தான் சேர்ந்து நடக்க முடியும். அவர்கள் இரண்டு பேரும் கைகோத்து முன்னால் போனார்கள். நான் பின்னால். அந்த அக்கா சுடிதார்தான் போட்டிருந்தாள், ஆனால் துணி வேறு மாதிரி விழுந்தது. அவள் பேசிய தமிழ் அவளுடைய அம்மாவிடம் கற்றது. பாண்டியில் வயதானவர்கள் மட்டும் பேசுகிற தமிழ். அந்தத் தமிழைக் கேட்டுக் கேட்டு என் தோழி சிரித்தாள். நான் சொன்னதற்கு அப்படி அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

தெருப் பலகை வந்தது. அந்த அக்கா அதை ஒரே மூச்சில், மூக்கும் தொண்டையும் சேர, படித்தாள். என் தோழி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். தப்பாகத்தான் சொன்னாள். அக்கா அவள் தோளில் செல்லமாகத் தட்டினாள்.

வீட்டைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வாசற்கதவுக்கு மேலே வண்ணக் கண்ணாடி, முற்றத்தில் கிணறு. அந்த அடையாளத்தோடு அங்கே பல வீடுகள் இருந்தன. கதவு கதவாகத் தட்டினோம். பல இடங்களில் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார்கள், ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். அக்கா தன் தாய்வழித் தாத்தா பெயரைச் சொன்னதும், "எங்க வீட்டுக்காரரோட அப்பா அவர்கிட்டதான் இந்த வீட்டை வாங்கினார்" என்றாள்.

உள்ளே முற்றம் சின்னது. இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும். நான் நடையிலேயே நின்றேன். கிணற்றின் மேல் இரும்பு வலை போட்டிருந்தார்கள். அக்கா அந்த வலையின் மேல் கையை வைத்து அழுதாள். என் தோழி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். என் அப்பாவுக்குக் காலில் உப்புப் புண் வந்து பாண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இதே தோழி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அது எனக்கு மட்டும் கிடைத்தது என்று அதுவரை நம்பியிருந்தேன்.

மதியத்துக்கு மேல் கடற்கரைக்கு வந்து சுவர்மேல் உட்கார்ந்தோம். தோழி சுண்டல் வாங்கப் போனாள். அக்கா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீதான் அவளுக்கு ரொம்ப நெருக்கம்னு அத்தை சொன்னாங்க. ஒண்ணு கேக்கலாமா? அவ குணம் எப்படி?"

எதற்கு என்று கேட்டேன்.

"எங்க அண்ணனுக்குக் கேக்கிறோம். அவகிட்ட இன்னும் யாரும் சொல்லல. நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

மாமா மகனுக்குக் கேட்பார்கள் என்பது யாருக்கும் தோன்றக்கூடிய விஷயம். எனக்குத் தோன்றவில்லை. வந்தவள் தோழியின் ஒரு நாளைத்தான் எடுத்துக்கொண்டாள் என்று பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளையே கொண்டுபோக வந்திருக்கிறாள். தோழியிடம் இருக்கிற கெட்ட குணத்தையெல்லாம் தேடினேன். பொய் சொல்லவும் தைரியமில்லை.

"ரொம்பப் பிடிவாதக்காரி. அவ நெனச்சதுதான் நடக்கணும். கோபம் வந்தா மூணு நாள் பேசமாட்டா" என்றேன்.

அது உண்மைதான். என்னிடமே அப்படி இருந்திருக்கிறாள்.

அக்கா, "எங்க அண்ணன் அப்படிப்பட்ட பொண்ணுதான் வேணும்னு சொல்றான். எதுக்கெடுத்தாலும் சரி சரின்னு தலையாட்டறவ வேணாமாம்" என்று சொல்லி என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். தோழி சுண்டலோடு வந்து, என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றாள். உன்னைப் பற்றித்தான் என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள்.

கல்யாணம் பரீட்சை முடிந்ததும் என்று ஆயிற்று. அவளுக்குச் சம்மதம்தான். போட்டோவைப் பார்த்துவிட்டு என்னிடம் காட்ட பஸ்ஸிலேயே எடுத்து வந்தாள். நல்ல முகம். நான் நல்லா இருக்கார் என்று சொன்னேன். அந்த ஆளின்மேல் எனக்கு வந்த எரிச்சலை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கல்யாணம் முடிந்து பிரான்சுக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் ஒரு காலையில் அவள் தனியாக எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். அவள் மரக்காணம் வந்ததே இல்லை. நானும் கூப்பிட்டதில்லை. வெள்ளைக்காரத் தெருவைப் பார்த்தவளுக்கு இங்கே காட்ட என்ன இருக்கிறது என்று கூச்சம். உப்பளத்தைப் பார்க்கணும் என்றாள். வரப்பு மேல் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் ஏறி, பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. அப்பா தூரத்திலிருந்து கையை ஆட்டினார். உப்பு வாருகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்து, யாரு இது என்று என்னைக் கேட்டார்கள். என் சிநேகிதி, பிரான்சுக்குப் போறா என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கசப்பாகவும் இருந்தது.

"கடற்கரையில அக்காகிட்ட என்னைப் பத்திச் சொன்னியாமே" என்றாள்.

நான் குனிந்து செருப்பில் ஒட்டிய உப்பைத் தட்டினேன்.

"அங்க நான் கோபப்பட்டா யாரு வந்து சமாதானம் பண்ணுவாங்கடி? நீ வருவியா?"

பாஸ்போர்ட்டே இல்லை, எப்படி வருவேன் என்றேன். அவள் சிரிக்கப்போய் அழுதுவிட்டாள். வரப்பில் உட்கார இடமில்லை. நின்றபடியே இருந்தோம்.

அவள் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. எனக்குத் திண்டிவனத்தில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, குழந்தைகள் வளர்ந்தார்கள். லீவுக்கு வந்தால் அவள் என்னைப் பார்க்காமல் திரும்பமாட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் நல்ல மனுஷர், என்னிடம் பிரியமாகப் பேசுவார். அவரோடு எனக்கு எப்போதோ ராசியாகிவிட்டது. அந்த அக்காவோடு மட்டும் ஆகவில்லை. "எங்க நாத்தனாரும் நானும் நேத்து நடந்து போனப்போ" என்று தோழி போனில் எதையாவது தொடங்கினால், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி இன்றும் நான் பேச்சை முடித்துவிடுகிறேன்.