இலஞ்சியில் என்னை உள்ளே விடாத அருங்காட்சியகம்

இந்தப் பயணம் எனக்காகப் போனதில்லை. என் மனைவி உமாவுக்காகப் போனது. உமா எம்.ஏ. வரலாறு படித்தவள், தொல்லியல் தாளில் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண். ஆனால் மாணவிகளை அகழாய்வுக் குழிக்குக் கூட்டிப்போனபோது, பெண்பிள்ளை வெளியூரில் தங்கக் கூடாது என்று என் மாமனார் அனுப்பவில்லை. அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், எனக்கு மூன்று வேளைச் சாப்பாடு. கற்கருவிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள் ஒரு கற்கருவியைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும், 'தொடாதீர்கள்' என்று பலகை வேறு இருக்கும்.

தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சியில் ஒரு குடும்பம் தங்கள் தோப்பிலேயே சின்ன அருங்காட்சியகம் நடத்துகிறது, புதைபடிவங்கள், பானை ஓடுகள், கற்கருவிகள் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று அவள் எங்கோ படித்திருக்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளாக வாய் திறந்து கேட்ட முதல் பயணம் இதுதான். அவளுக்கு வேண்டியது அங்கே இரண்டு மணி நேரம். ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை, ஒரே நாளில் போய்த் திரும்புவதாகக் கிளம்பினோம். என் எரிச்சலைக் கழித்துவிட்டுப் படியுங்கள். நேரமும் கட்டணமும் சரியாகவே குறித்திருக்கிறேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 5.15க்குப் பஸ். தென்காசிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர், ஒருவருக்கு 155 ரூபாய். ஒன்பதே காலுக்குப் போய்விடும் என்று நடத்துநர் சொன்னார். ஜன்னல் கண்ணாடி மூடவில்லை. ராஜபாளையம் தாண்டியதும் சாரல் முழுவதும் என் இடது தோளில்தான் விழுந்தது. சிவகிரியில் டீக்குப் பத்து நிமிடம் என்று நிறுத்தினார்கள். ஓட்டுநர் இரண்டு தோசையைச் சொல்லிவிட்டு அது வரும்வரை செய்தித்தாள் படித்தார், இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நான் மட்டும்தான் இறங்கிப்போய்க் கேட்டேன். மற்றவர்கள் எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள், என் மனைவி உட்பட. தென்காசியில் இறங்கும்போது மணி 9.50.

இங்கிருந்து செய்ய வேண்டியது என்னவென்றால், பஸ் நிலையத்திலேயே இலஞ்சி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் கால் மணி நேரத்தில் போய்ச் சேரலாம். அருங்காட்சியகம் காலை 10 முதல் 1 வரை, மாலை 3 முதல் 5.30 வரை. அப்படிப் போயிருந்தால் இந்தப் பதிவு இரண்டு பத்தியில் முடிந்திருக்கும்.

ஆனால் சீசன் நேரத்தில் குற்றாலம் வரை வந்துவிட்டுத் தலையை நனைக்காமல் போக முடியுமா? முதலில் அருவி, அரை மணி நேரம், பிறகு கல்லும் மண்ணும் என்று நான் முடிவு செய்தேன். ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று உமா ஒரு தடவை சொன்னாள். பதினொன்றுக்குள் போய்விடலாம் என்றேன்.

ஆட்டோக்காரர் பெயர் மாடசாமி. குற்றாலம், இலஞ்சி, திரும்பத் தென்காசி, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 800 என்றார், 700க்குப் பேசினேன். போகும்போதே அவர் எச்சரித்தார்.

"மேல நல்ல மழ பெய்யுது அண்ணாச்சி. தண்ணி ஆர்ச்சத் தொட்டுட்டுன்னா குளிக்க விட மாட்டாங்க. மொதல்ல இலஞ்சிக்குப் போயிருவமா?"

நூறு ரூபாய் குறைத்ததற்குச் சவாரியைச் சுருக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எதற்குச் சொல்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. ஆறு கிலோமீட்டர் போக ஐம்பது நிமிடம். வழியெல்லாம் வேன்கள். வேனை நடுச்சாலையில் நிறுத்தி ரம்புட்டான் விலை பேசிக்கொண்டிருந்தவரிடம் நான் இறங்கிச் சண்டை போட்டதில் ஐந்து நிமிடம்.

மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சை, அதாவது குளிக்கும் இடத்துப் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. கயிறு கட்டி, போலீஸ் விசில் ஊதிக்கொண்டிருந்தது. அங்கேயே திரும்பியிருக்கலாம். ஆனால் எண்ணெய் தேய்த்துவிடுபவர் ஒருவர் என் முன்னால் வந்து நின்று, எண்ணெய் ஊறுவதற்குள் திறந்துவிடுவார்கள் என்றார். இருநூறு ரூபாய். உட்கார்ந்துவிட்டேன். மனிதர் நன்றாகத்தான் தேய்த்தார், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு இடம் பாக்கியில்லை.

திறக்கவில்லை. 11.45 வரை நின்றோம். ஐந்தருவியிலும் தடை என்று மாடசாமி போனில் கேட்டுச் சொன்னார். கட்டணக் குளியலறைக்குப் போனால், என்னைப் போலவே எண்ணெய் வழிய நாற்பது ஐம்பது பேர் துண்டோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உமா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எண்ணெய் மேலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். சீட்டில் துண்டை விரிக்கச் சொன்னார் மாடசாமி.

இலஞ்சியில் முருகன் கோயிலைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பு. நெல் மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கியைத்தான் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். வாசலில் பெரிய எழுத்தில் 'தொட்டுப் பாருங்கள்'. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 12.15. பெரியவர்களுக்கு 50 ரூபாய், பிள்ளைகளுக்கு 20. இதை நடத்துபவர் சுடலைமுத்து அண்ணாச்சி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்து, வேண்டாம் என்று ஒதுக்கிய புதைபடிவக் கற்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறார். பானை ஓடுகள் ஊர்க்காரர்கள் கிணறு வெட்டும்போது கிடைத்து, அதிகாரிகளிடம் காட்டிப் பதிவு செய்தவை. சீட்டுக் கிழிப்பது அவர் மகள் கோமதி, முப்பது வயதிருக்கும். அந்தப் பெண் உமாவுக்கு ஒரு சீட்டு கிழித்தாள். எனக்குக் கிழிக்கவில்லை.

"அண்ணாச்சி, எண்ணெயோட உள்ள விட மாட்டோம். தப்பா நெனைக்காதிய."

கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்கிறேன் என்றேன். என் முழங்கையைக் காட்டினாள், அங்கிருந்து மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கல்லும் பழைய பானை ஓடும் எண்ணெயைக் குடித்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது என்றாள். போன சீசனில் கறையான ஒரு சிப்பிப் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக ஒரு திட்டு. கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கெடாமல் இருந்த பொருளை ஒரு குற்றாலத்து எண்ணெய்க்கை ஒரு நொடியில் கெடுத்திருக்கிறது. ஆனாலும் பேசினேன். நூற்றறுபது கிலோமீட்டர் வந்திருக்கிறோம், தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன், இது என்ன சட்டம் என்றெல்லாம் பேசினேன். கடைசியில், சரி, இன்னொரு நாள் வரலாம், கிளம்பு என்று உமாவிடம் சொன்னேன்.

உமா தோளிலிருந்த பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"நீங்க இங்கயே உக்காந்திருங்க. நான் பாத்துட்டு வர்றேன்."

சீட்டைக் காட்டிவிட்டு, கையைக் கழுவி, உள்ளே போய்விட்டாள். சுடலைமுத்து அண்ணாச்சி மரியாதையாக ஒரு பெஞ்சைத் துடைத்து, அதில் நான் உட்கார நேற்றைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் போனார்.

ஆகவே உள்ளே என்னென்ன இருக்கிறது என்று என்னால் முழுமையாக எழுத முடியாது. கம்பி ஜன்னல் வழியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். தரையில் கோரைப்பாய். உட்கார்ந்துதான் எடுத்துப் பார்க்க வேண்டும், கை தவறினாலும் உடையாது. ஒரு மேசையில் சுருள் சுருளாக அம்மோனைட்டு என்னும் பழங்கடல் உயிரிப் படிவங்கள், பெரியது இட்லித்தட்டு அளவு இருந்தது. கல்லாகிப்போன மரத்துண்டுகள். பிள்ளைகள் தோண்டிப் பார்க்க மணல் தொட்டியும் தூரிகையும். கோடியில் கற்கருவி மேசை. தேரிக்காட்டுச் செம்மணலில் கிடைத்த நகம் அளவுக் கற்களாம், அண்ணாச்சி சொன்னது. உமா நேராக அங்கேதான் போனாள்.

ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு மூடினார்கள். அவளை எழுப்பவில்லை. உள்ளேயே அவளுக்கும் இலை போட்டார்கள். எனக்கு வெளியே ஒரு தட்டில் சாம்பார் சாதம் வந்தது. மாடசாமியும் பெஞ்சில் என்னிடமிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார். காத்திருப்பதற்குக் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை, அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு ஒரு கேரளக் குடும்பம் மூன்று பிள்ளைகளோடு வந்தது. அவர்கள் கேட்ட ஏதோ கேள்விக்கு அண்ணாச்சி பதில் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, உமாவைப் பார்த்தார். உமா பேச ஆரம்பித்தாள். எதைக் கொண்டு எதைத் தட்டினால் இந்த விளிம்பு வரும், இவ்வளவு சின்னதை எப்படிக் குச்சியில் பொருத்துவார்கள், இதில் மீனை அறுக்க முடியுமா என்று அவர்களுடைய பெண்குழந்தை கேட்டதற்கு என்ன பதில், எல்லாம் தமிழும் ஆங்கிலமும் கலந்து தடங்கல் இல்லாமல் வந்தது. கோமதி சீட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள். அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லை. வீட்டில் அவள் சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் பேசுவாள், அது அவள் சுபாவம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் பழக்கதோஷம், ஜன்னலருகே போய், மணி மூணரை ஆச்சு, பஸ் போயிடும் என்றேன். அவள் திரும்பாமலே ஒரு கையை உயர்த்திப் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். போய் உட்கார்ந்தேன்.

வெளியே வரும்போது 4.10. ஆட்டோவில், அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே என்று கேட்டேன். கொஞ்சம் முறைப்பாகத்தான் கேட்டிருப்பேன்.

"படிச்சதெல்லாம் போயிடுச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள். "அப்படியே இருக்கு."

தென்காசியில் 4.45 பஸ்ஸைப் பிடித்தோம். மதுரை வரை அவள் ஜன்னலோரம், நான் எண்ணெயோடு.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அருவிக்குப் போவதாக இருந்தால் அருங்காட்சியகத்தைப் பார்த்த பிறகு போங்கள், தண்ணீர் எப்படி என்று ஆட்டோக்காரர் சொன்னால் நம்புங்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். பக்கத்தில் ஹோட்டல் கிடையாது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகளோடு போனால் இரண்டு மணி நேரம் வேண்டும், ஆர்வம் உள்ளவர்களுக்கு அதுவும் போதாது.

மாதத்தின் முதல் சனி, ஞாயிறு போவது நல்லது. அந்த இரண்டு நாளும் கற்கருவி மேசையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருப்பார். மதுரையிலிருந்து தனியாக, அதே 5.15 பஸ்ஸில் வருகிறார். ராத்திரி கோமதி வீட்டில் தங்கிக்கொள்கிறார். போகட்டுமா என்று என்னிடம் கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னார். வீட்டில் அந்த இரண்டு நாளும் என் சமையல், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவரிடம் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். கல்லைக் கையில் கொடுத்து நீங்களே சொல்லுங்கள் என்பார், தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. அவசரம் மட்டும் படுத்தாதீர்கள். அதை இருபத்திரண்டு வருடம் நான் ஒருவனே செய்தாயிற்று.