ஏ/பி-க்கு அடுத்த இடம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடியொன்றில் எங்கள் அலுவலகம். ஒரு டியூஷன் சென்டருக்கு நாங்கள் செய்த இணையத்தளத்தை அதை நடத்தும் மேடத்துக்குக் காட்டிய அன்று, அந்த அலுவலகச் சுவரில் புரொஜெக்டர் வழியே என் பெயர் பெரிதாக விழுந்தது. பெயர், பக்கத்தில் ஏ/பி, அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. மலாயில் இன்னார் மகள் என்று சொல்ல வந்த ஏ/பி பாதியில் நின்றுவிட்டது. என் அடையாள அட்டையில் அப்பா பெயர் கிடையாது. அம்மா தனியாளாகப் பெற்று வளர்த்த பிள்ளை நான்.

அந்த ஏ/பி-யைப் போட்டது அண்ணே எழுதிய ஹெல்பர், எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான ஒரு துண்டு நிரல். அண்ணே எங்கள் டீம் லீட். ஒரே எச்டிஎம்எல்லைப் பக்கத்துக்குப் பக்கம் கையால் அடிப்பவர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒரு தடவ ஹெல்பர்ல எழுது, எல்லா பேஜும் அதையே கூப்புடட்டும்லா" என்பார். பெயர் காட்டவும் அப்படி ஒன்று வைத்திருந்தார். ஆணென்றால் ஏ/எல், பெண்ணென்றால் ஏ/பி, பிறகு அப்பா பெயர், எல்லாம் சேர்ந்து ஒரே வரியாக வந்து உட்கார்ந்துவிடும். ஆசிரியர் பட்டியல் காலியாக இருக்கக் கூடாதே என்று நான்தான் என் பெயரைப் போட்டிருந்தேன். அப்பா பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டே பழகிய கை, அன்றும் விட்டுவிட்டது.

மேடம் சிரித்தார். "யாரு இது, அப்பா பேரே இல்லாம?"

எனக்குக் காதெல்லாம் சூடேறியது. "டம்மி டேட்டா மேடம், சும்மா போட்ட பேரு" என்றேன்.

வேலைக்குச் சேர்ந்தபோதே என் அடையாள அட்டையைப் பார்த்தவர் அண்ணே. "இல்ல மேடம், டேட்டா கரெக்ட்தான். என் ஹெல்பர்தான் தப்பு" என்றார். என் பக்கம் திரும்பவேயில்லை. அப்பா பெயர் இருந்தால் மட்டும் ஏ/பி என்று அங்கேயே ஒரு வரி சேர்த்தார். அடுத்த நொடி எல்லாப் பக்கங்களிலும் என் பெயர் மட்டும் நின்றது.

அண்ணே இப்போது டெங்கில் பக்கம் வேறு கம்பெனியில் இருக்கிறார். நான் அவருக்கு நன்றி சொன்னதில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தால் அந்த 'டம்மி'யையும் பேசவேண்டி வரும். என் பெயருக்காக அவர் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டார். நானோ அது என் பெயரே இல்லை என்றேன். நினைத்தால் இன்றும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

என் பெயரைப் போட்டிருப்பதை அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். தளத்தைக் காட்டிய அன்று மாலை கிள்ளான் வீட்டில் அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஒம் பேரு ஸ்கிரீன்ல வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"முழுசா?"

"முழுசா வந்துச்சும்மா" என்றேன். அது பொய்யில்லை. ஆனாலும் அந்தப் பெயரை டம்மி என்று சொன்ன வாயோடு அம்மா முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.