சேற்றில் பழகிய கால்கள்

என் தம்பிக்கு மூன்று வயது முடிந்தும் நடை வரவில்லை. நிறுத்தினால் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிடுவான். அப்போது எனக்குப் பத்து வயது. மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் வாசலைத் தாண்டினால் எல்லாமே சரிவு. விழுகிற பிள்ளை கல்மேல்தான் விழும். அந்தப் பயத்தில் அவனை நான் இடுப்பைவிட்டு இறக்குவதே இல்லை.

"காலு இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

நாற்று நடவு வந்தது. நடுவதற்கு இரண்டு கையும் வேண்டும். வேறு வழியில்லாமல் அவனை ஓடையோரத்து வயலில், உழுது குழைத்த சேற்றில் நிறுத்தினேன். முழங்கால்வரை புதைந்தவன் விழாமல் நின்றான். சேறே அவனைப் பிடித்துக்கொண்டது. நாலடி பின்னால் போய், "வா சாமி, அக்காகிட்ட வா" என்று கையை நீட்டினேன். காலை உருவ முடியாமல் அழுதான். பிறகு உருவினான். உருவிய வேகத்தில் குப்புற விழுந்தான். வலிக்கவில்லை என்று தெரிந்ததும் முகமெல்லாம் சேறாகச் சிரித்தான்.

நடவு முடிவதற்குள் தானாகவே வரப்பேறி நின்றான். அதன்பின் நான் விடவில்லை. வரப்பில் நடத்தினேன், ஓடைக் கற்களில் தாவவிட்டேன். ஒன்று கைவந்ததும் அடுத்ததற்கு அவனே என்னை இழுத்துப் போவான். ஏழு வயதில் சரிவில் பக்கவாட்டாக ஓடினான். என்னால் துரத்திப் பிடிக்க முடியவில்லை.

அவனுடைய பதினெட்டாவது வயதில், என் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, மிளகு மூட்டையோடு இருவரும் காளப்பநாயக்கன்பட்டி சந்தைக்கு இறங்கினோம். பக்கத்துப் பொட்டலில் சடுகுடு நடந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க மலைக்காரரே, ஓராளு குறையுதுங்க. சும்மா நின்னாப் போதும், வாரீங்களா?" என்று ஆடியவர்களில் ஒருவன் தம்பியைக் கூப்பிட்டான்.

தம்பி மூட்டையை என்னிடம் இறக்கிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான்.

கடைசியில் அவன் பக்கத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம். எதிரே மூன்று பேர். பாடிக்கொண்டே உள்ளே போய் ஒருவனைத் தொட்டான். தொட்ட நொடியில் அவனே தம்பியின் கணுக்காலைப் பற்றினான். மற்ற இருவரும் இடுப்பில் பாய்ந்தார்கள். கோடு இரண்டு முழம் தள்ளி இருந்தது. நான் மிளகு மூட்டைமேல் ஏறிக் கத்தினேன்:

"இழுக்காத சாமி! சேத்துல உருவற மாதிரி உருவு!"

குதிகாலைத் திருப்பி, நிதானமாக உருவினான். கால் வந்தது. மற்ற இருவரையும் சேர்த்து இழுத்தபடியே விழுந்து, கோட்டைத் தொட்டான். அப்போதும் "சடுகுடு சடுகுடு" என்ற பாட்டு அறுபடவில்லை. மூன்று பேரும் ஆட்டம் இழந்தார்கள்.

காலைப் பிடித்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "எம்புடியில இருந்து ஒருத்தனும் போனதில்லீங்க. எந்த வாத்தியாருகிட்டப் பழகுனீங்க?"

"எங்க அக்காகிட்டங்க."

கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. வழக்கமாக அத்தனை ஆண்கள் பார்த்தால் தலை குனிந்திருப்பேன். அன்றைக்குக் குனியவில்லை. மூட்டையிலிருந்து இறங்கவும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் தம்பி மலையிலிருந்து ஏழு பேரைத் திரட்டிக்கொண்டு அதே பொட்டலுக்குப் போனான். அன்று மூன்று ஆட்டம். மூன்றும் எங்களுக்கே.