மேட்டுக்காணிக்கு வந்த சாயக்கழிவு

சூறாவளி எங்கள் கரையோரத்துத் தென்னைகளை முறித்துப் போட்ட பிறகு வந்த வருடங்களில்தான் வாப்பாவின் சாயப்பட்டறை நன்றாக நடந்தது. மருதமுனையில் வீட்டுக்கு வீடு தறி ஓடிய காலம் அது. தறிக்காரர்கள் கொண்டுவரும் நூலுக்கு நாங்கள் சாயம் காய்ச்சிக் கொடுப்போம். பட்டறை இருந்தது என் வீட்டு வளவில். எங்கள் பக்கத்து வழக்கப்படி உம்மாவின் வீடு மூத்த மகளான எனக்குச் சீதனமாக வந்தது. அதோடு பட்டறையின் புகையும் காரச் சோடாவின் நெடியும் சேர்ந்தே வந்தன. தங்கச்சிக்குக் கடற்கரைத் தென்னந்தோட்டம். சூறாவளிக்குத் தப்பிய மரங்கள் அங்கேதான் அதிகம். அந்தத் தோட்டத்துக்குள் அவளுக்கு ஒரு புது வீடு கட்ட வாப்பா கல் இறக்கத் தொடங்கியிருந்தார்.

எனக்கு இன்னொரு காணியும் இருந்தது. ஊருக்கு மேற்கே, சொறிக்கல்முனைக்குப் போகும் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு மேடு. மாரியில் சுற்றிவர வெள்ளம் நின்றாலும் அது மட்டும் நனையாமல் முதுகு காட்டிக்கொண்டிருக்கும். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அந்த மேட்டை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு வீடு என்று மனதுக்குள் எத்தனையோ தடவை கட்டிவிட்டேன். எந்தப் பக்கம் கிணறு, எந்தப் பக்கம் முருங்கை என்பதுகூட முடிவாகியிருந்தது.

தங்கச்சி ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போய் வந்தவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். வாப்பா பட்டறையிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்ததும் என்னைப் பார்த்து, "சோறாகிட்டா மகள்?" என்பார். அவளைப் பார்த்து, "நீ என்ன நினைக்காய்?" என்பார். நான் உலைமூடியைத் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டு வைப்பேன். இருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு நாள் பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்து வீட்டு அக்கா, நாங்கள் தாத்தா என்று கூப்பிடுகிறவள், ஒரு குடத்தோடு வந்தாள். கணவன் இல்லாதவள், இடியப்பம் அவித்து விற்றுப் பிழைக்கிறவள். சண்டைக்கு வந்தவளைப் போலத் தெரியவில்லை. குடத்துத் தண்ணீரை எங்கள் வீட்டு வெள்ளைக் கோப்பையில் ஊற்றி வாப்பாவின் முன்னால் வைத்து, கூடப்பிறந்த அண்ணனிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"காக்கா, இந்தத் தண்ணியில தொழுகைக்கு ஒளு எடுக்கலாமா எண்டு சொல்லுங்க. நீங்க ஏலும் எண்டு சொன்னா நான் எடுக்கன்."

தண்ணீர் மெல்லிய ஊதா நிறத்தில் இருந்தது. வாப்பா விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். முகம் செத்துப் போயிற்று. கழிவை எல்லாம் பட்டறைக்குப் பின்னால் ஒரு குழிக்குள் ஊற்றுவதுதான் எங்கள் வழக்கம். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் குழி காலியாகிவிடும். நல்ல குழி என்று எல்லோரும் அதைப் புகழ்ந்திருந்தோம்.

"மணல் வாப்பா," என்றாள் தங்கச்சி. "குழி குடிக்கிறதெல்லாம் கீழால போய்க் கிணத்துக்குத்தான் வரும்."

வாப்பா அன்றைக்கே அடுப்புகளை அணைக்கச் சொன்னார். தாத்தாவின் வீட்டுக்கு வண்டியில் நல்ல தண்ணீர் போனது. கழிவை ஊரின் தண்ணீருக்குப் போகாத ஓர் இடத்தில் அடைத்து வைக்க வழி காணும்வரை ஒரு கழி நூலும் நனையாது என்று தறிக்காரர்களிடம் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு இடம் தேடும் படலம். பின்நேரங்களில் தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரும் மாட்டுவண்டியில் புறப்படுவார்கள். மண்வெட்டி, இரண்டு வாளி, ஒரு நீளக் கம்பி. போன இடத்தில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு விரைவாக வற்றுகிறது என்று பார்ப்பார்கள். ஆற்றங்கரை ஓரம் சரிவரவில்லை, மாரியில் அங்கே இடுப்பளவு வெள்ளம். பெரியநீலாவணைப் பக்கம் ஒரு வெறுங்காணி இருந்தது. அதுவும் மணல், அதோடு மீன்பிடிக் குடிசைகள் கிட்ட. காலெல்லாம் சேறாக இருவரும் திரும்பி வருவார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போது வாப்பா எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு வாப்பா என்னோடு ஒரு தடவையாவது எங்கேயாவது தனியே போனாரா என்று யோசித்தேன். ஞாபகத்துக்கு ஒன்றும் வரவில்லை. கால் கழுவ வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஒரு நாள் இருவரும் சிரிக்காமல் வந்தார்கள். வாப்பா என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார்.

"மகள், மேட்டுக்காணியில நேத்து ஊத்தின தண்ணி இண்டைக்கும் அப்பிடியே நிக்கிது. பச்சைக் களிமண். வெள்ளம் ஏறாது, கிட்ட ஒரு கிணறும் இல்ல."

எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அவர் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தேன்.

"அதைத்தான் எடுக்கணும் போல இரிக்கி," என்றார்.

நான் வாப்பாவைப் பார்க்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தேன். "காணி தேடப் போன ஆளுக்கு என்ட காணிதான் கண்ணுல பட்டிருக்கி. புகையும் எனக்கு, கழிவும் எனக்கு. கடல் காத்து மட்டும் உனக்கு, என்ன?"

"ராத்தா, அப்பிடி இல்ல..." என்றாள் தங்கச்சி.

"அப்ப உன்ட தோட்டத்திலயும் தோண்டுங்க. என்ட கண்ணால பாக்கணும்."

மறுநாள் மூவருமாகப் போனோம். வண்டியில் வாப்பாவுக்கும் அவளுக்கும் நடுவே நான் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோட்டத்துக்குள் போனதும் வயிறு இன்னும் எரிந்தது. நிழல், காற்று, அத்திவாரத்துக்கு வெட்டிய நேர்நேரான கோடுகள். வாப்பா ஒரு தென்னையடியில் தோண்டினார். நான் வாளியை வாங்கி நானே ஊற்றினேன். மணலில் சத்தம்கூடக் கேட்கவில்லை, தண்ணீர் போய்விட்டது. இன்னொரு வாளி ஊற்றினேன், அதுவும் போயிற்று. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் அடியில் ஊற்றே கண் திறந்தது. தங்கச்சி அதை அள்ளிக் குடித்துப் பார்த்து, "இனிப்பு" என்றாள்.

அங்கிருந்து நேரே மேட்டுக்காணிக்குப் போகச் சொன்னேன். முந்தாநாள் ஊற்றிய தண்ணீர் குழிக்குள் கொஞ்சமும் குறையாமல் கிடந்தது. வானமும் எங்கள் மூன்று தலைகளும் அதில் தெரிந்தன. களியை எடுத்து உருட்டிப் பார்த்தேன். பானை செய்யலாம் போலிருந்தது. கையில் பிடித்துப் பார்த்த உண்மையை எப்படி மறுப்பது? என் காணி கெட்டதாக இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

அப்போதுதான் தங்கச்சி அந்தப் பேச்சை எடுத்தாள். "ராத்தா, நீங்க தோட்டத்த எடுங்க. மேடு எனக்கு இரிக்கட்டும். மாத்தி எழுதுவம்."

அவள் அதை யோசித்து வைத்திருந்தாள் என்று தெரிந்தது. குரலில் ஒரு நடிப்பும் இல்லை. வாப்பாவின் கண் நிறைந்துவிட்டது. மகளின் தலையில் கை வைத்தார். எந்த மகளின் தலையில் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தோட்டத்தை எவ்வளவு காலமாக நான் விரும்பியிருந்தேன்! ஓம் என்ற ஒரு சொல்தான் மிச்சம். ஆனால் ஊர் என்ன கதைக்கும்? கழிவைத் தான் ஏற்றுக்கொண்டு ராத்தாவுக்குத் தோட்டத்தைக் கொடுத்த தங்கச்சி என்று கதைக்கும். வாப்பா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி உருகுவார். படிப்பும் அவளுக்கு, வாப்பாவின் பக்கத்து இடமும் அவளுக்கு. நல்ல பெயரையும் அவளுக்கே விட்டுக்கொடுக்க என்னால் ஏலவில்லை.

"எனக்கு உன்ட தோட்டம் வேணாம்," என்றேன். "என்ட காணிக்கு வாறது என்ட காணிக்கே வரட்டும். ஆனா நான் சொல்ற மாதிரித்தான் கட்டணும்."

வாப்பா முதல்முறையாக என்னை அந்தக் கேள்வி கேட்டார். "சொல்லு மகள். நீ என்ன நினைக்காய்?"

எனக்குத் தொழில்நுட்பம் ஒன்றும் தெரியாது. குசினியில் சமைத்துப் பழகியவளுக்குத் தண்ணீர் எங்கே ஒழுகும், எங்கே ஊறும் என்று தெரியும். கழிவுக்குக் கிடங்கு வெட்டினால் களியை மட்டும் நம்பி விடக்கூடாது, உள்ளே செங்கல் வைத்துச் சீமெந்து பூச வேண்டும் என்றேன். சுற்றிவர வரம்பு உயர்த்த வேண்டும், பிள்ளைகளும் மாடுகளும் போகாமல் கம்பி வேலி அடிக்க வேண்டும் என்றேன். தங்கச்சி, ஊற்றுவதற்கு முன் பட்டறையிலேயே தொட்டியில் தெளிய விட்டு, தெளிந்த தண்ணீரை அடுத்த முறை சாயம் காய்ச்ச எடுத்துக்கொண்டால் வண்டியில் ஏற்றும் கழிவு குறையும் என்றாள். நல்ல யோசனைதான். அது எனக்கு வரவில்லையே என்றிருந்தது.

வேலை நடந்த நாட்களில் நான் அங்கேயே நின்றேன். கணவர் கல்முனைக் கடையிலிருந்து பகலில் வந்து பார்த்து, "மேசனுக்கு மேல நீ ஒரு மேசன்" என்று கேலி செய்துவிட்டுப் போவார். ஒரு நாள் பக்கத்து வயல்காரர் வேலிக்கு வந்தார், சொறிக்கல்முனைத் தமிழ் ஆள். கோபமாகத்தான் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இது உடைஞ்சா என்ட வயலுக்குள்ளதானே வரும்?"

"உடையாம கட்டத்தான் அண்ணன் நான் இந்த வெயிலுக்க நிக்கிறன்."

"நிண்டாப் போதுமா? மாரி மழைக்குக் கிடங்கு நிரம்பி வழிஞ்சா நிண்டு பிடிப்பீங்களா?"

அன்று பின்நேரம் அவர் கேட்டதை அப்படியே வாப்பாவிடம் சொன்னேன். கிடங்குக்கு மேலே உயரமாகத் தகரக் கூரை போட்டார், பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட்டார். மழை விழாது, வெக்கையில் கழிவு வற்றும். கூரை ஏறியதும் வயல்காரர் வந்து கிடங்கைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த போகத்தில் ஒரு சாக்குப் புது அரிசி அனுப்பினார்.

முதல் வண்டி கழிவு இறங்கிய நாளில் நான் அழுதேன். நீலமும் சிவப்பும் கலந்து கறுத்த மண்டி, என் பிள்ளைகளின் வீடுகள் நிற்க வேண்டிய இடத்தில் வழுக்கி விழுந்தது. தங்கச்சி என் கையைப் பிடிக்க வந்தாள். நான் முக்காட்டைச் சரி செய்வதுபோலக் கையை எடுத்துக்கொண்டேன்.

அந்த மாரியில் மழை நன்றாக அடித்தது. வெள்ளம் வரம்பின் அடிக்கு வந்து நின்றது, மேலே ஏறவில்லை. கிடங்கில் ஒரு வெடிப்பும் இல்லை. தாத்தாவின் கிணறு உடனே திருந்திவிடவில்லை. பழைய குழியை மண்ணோடு வாரி மேட்டுக்குக் கொண்டுபோன பிறகும் ஊதா போகச் சில மாரிகள் எடுத்தன. அதுவரை அவளுக்கு வண்டித் தண்ணீர்தான். பிறகு ஒரு நாள் அவள் அதே கிணற்றில் அரிசி களைவதை வேலியால் கண்டேன்.

தங்கச்சிக்குக் கல்யாணம் நடந்தது. தோட்டத்தில் புது வீடு எழும்பியது. புதுமனைக் குடிபூரலுக்குப் போன நான் ஒவ்வொரு ஜன்னலையும் எண்ணெய் ஊற்றிக்கொண்டவளைப் போலப் பார்த்து எரிந்தேன். திரும்பி வரும்போது கணவர், "வீடு நல்லா இரிக்கி" என்றார். "உப்புக் காத்துக்கு ஜன்னல் கம்பி எல்லாம் துருப்பிடிக்கும்" என்றேன்.

தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே கலவரம் வந்த நாட்களில் கொஞ்சக் காலம் மேட்டுக்குப் போக முடியவில்லை. பாதை திறந்து நாங்கள் போனபோது காற்றில் கழன்ற ஒரு தகரத்தை யாரோ கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வயல்காரர்தான். கேட்டதற்கு, "என்ட வயலுக்குத்தானே கட்டினன்" என்றார்.

கடைகளில் வெளிநாட்டுத் துணி குவிந்தபோது தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எண்பதுகளின் கடைசியில் வாப்பா பட்டறையை மூடினார். கிடங்கில் வற்றிக் கிடந்ததன் மேல் களியைப் பரப்பி, அதன் மேல் சீமெந்துப் பலகை போட்டு அடைத்தோம். யாரும் அங்கே கிணறு வெட்டக்கூடாது என்று பள்ளிவாசலிலும் வயல்காரர்களிடமும் சொல்லி வைத்தோம். என் மகள்களுக்கு வேறு இடத்தில், சின்னச் சின்ன வளவுகளில்தான் வீடு கட்டிக் கொடுக்க முடிந்தது.

அடைத்த பிறகு ஒரு பெருநாளன்று தங்கச்சியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் இளநீர் வெட்டித் தந்தாள். கடல் பக்கம் பார்த்தபடி திடீரென்று சொன்னாள்.

"வாப்பா இந்த வீட்டுக்கு எத்தினை தரம் வந்திருப்பார் எண்டு நினைக்கிறீங்க ராத்தா? குடிபூரலுக்கு வந்தார். புள்ள பெத்தப்ப வந்தார். ஒவ்வொரு ஜும்ஆவும் முடிய உங்களக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குத்தான் போவார். கிடங்கு பாக்க எண்டு சொல்லுவீங்க. நான் இஞ்ச வாசல்ல நிண்டு, இண்டைக்காவது வண்டி இந்தப் பக்கம் திரும்பாதா எண்டு பாத்துக்கொண்டு நிப்பன்."

உண்மைதான். வெள்ளிக்கிழமைகளில் வாப்பா வந்து, "போவமா மகள்?" என்பார். கிடங்கைச் சுற்றி நடந்து, வெடிப்பு இருக்கிறதா என்று குந்திப் பார்த்து, பிறகு வரம்பில் உட்கார்ந்து கதைப்போம். உம்மாவைப் பற்றி, தன் சின்ன வயதைப் பற்றி, என் பிள்ளைகளைப் பற்றி. அத்தனை வருடங்கள். அதை ஒரு சொத்தாக நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

தங்கச்சியின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் நெடுங்காலம் பார்த்திருக்கிறேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம், வாப்பாவுக்கு வயதாகிவிட்டது, கடற்கரை தூரம் என்று. சொல்லவில்லை. இளநீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, "ஓம்," என்றேன். "வாப்பாக்கு அங்க நல்ல விருப்பம்."